பெரம்பூரில் 28 வருடப் பழைய ஃபிளாட், இரண்டு படுக்கையறை, 62 லட்சம்: வாங்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஓர் இருபதடித் தெருவில் ஃபிளாட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1998-இல் கட்டியது. தரைத்தளம், மேலே மூன்று மாடி, தளத்துக்கு இரண்டாக மொத்தம் எட்டு வீடு. லிஃப்ட் இல்லை. மனை ஒன்றரை கிரவுண்டு. கேட்பவர் பார்த்த வீடு இரண்டாவது மாடியில், 870 சதுர அடி. யூ.டி.எஸ்., அதாவது மனையில் இந்த வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு, 410 சதுர அடி. சொந்தக்காரர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காலமாகிவிட்டார். மனைவியும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் இருக்கிறார்கள். மகள் கனடாவில். கேட்கும் விலை 62 லட்சம். மெட்ரோ வந்தால் விலை பிய்த்துக்கொண்டு போகும், பழைய கட்டடம் என்பதால் சீக்கிரமே இடித்துக் கட்டுவார்கள், அப்போது புது வீடே கையில் கிடைக்கும் என்று புரோக்கர் சொல்கிறார். கேட்பவர் மனைவியோடும் குழந்தையோடும் ஓட்டேரியில் 17,000 ரூபாய் வாடகையில் இருக்கிறார்.

என் பதில், வாங்கலாம். ஆனால் புரோக்கர் சொல்லும் இரண்டு காரணங்களையும் நம்பி வாங்காதீர்கள், 62-க்கும் வாங்காதீர்கள். நீங்களே குடியிருக்கப் போகிறீர்கள் என்றால், 55, மிஞ்சினால் 56-க்குப் படிந்தால், மற்ற ஏழு வீட்டுக்காரர்களையும் பார்த்துப் பேசிய பிறகு வாங்குங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

நான் அயனாவரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றேன். இந்தப் பக்கத்துப் பழைய ஃபிளாட் பத்திரங்களைக் கட்டுக்கட்டாகப் படித்திருக்கிறேன். இந்த ஊர் மேல் எனக்குப் பாசம் உண்டு, அதை மறைக்கவில்லை. வட சென்னை என்றாலே முகம் சுளித்தவர்கள் இன்று இங்கே வீடு தேடி வருவதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் யாரும் விவரம் தெரியாமல் கையைச் சுட்டுக்கொள்ளக் கூடாது.

பெரம்பூர் மாறுகிறது என்பது உண்மை. இந்த ஊரை வளர்த்தது மில் சங்கும் ரயில்வே சங்கும். பக்கிங்ஹாம் மில்லும் கர்நாடிக் மில்லும் சேர்ந்த பி அண்ட் சி மில் ஒரு பக்கம். ரயில்வேயின் கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த ஐ.சி.எஃப். இன்னொரு பக்கம். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியது இந்த மில் தொழிலாளர்களைக் கொண்டுதான். ஷிஃப்ட் முடிந்து நடந்தும் சைக்கிளிலும் வீடு திரும்பிய ஆட்களுக்காக அமைந்த தெருக்கள் இவை. கார் வரும் என்று யாரும் நினைத்துப் போட்ட தெருக்கள் இல்லை. 1996-இல் மில் மூடியது. கொஞ்ச காலம் சினிமாப் படப்பிடிப்பு நடந்த அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுந்து நிற்கின்றன. 1985-இல் திறந்த பிருந்தா தியேட்டரையும் 2025-இல் மூடிவிட்டார்கள்.

இதற்கு நடுவில், 1990-களில் ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு நான்கு வீடு, ஆறு வீடு, எட்டு வீடு என்று சின்னச் சின்ன ஃபிளாட்டுகள் வந்தன. நீங்கள் பார்த்தது அந்தத் தலைமுறைக் கட்டடம். பி.எஃப். பணத்தையும் சொசைட்டிக் கடனையும் போட்டு ரயில்வே ஊழியர்கள் வாங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஓ.எம்.ஆர்., பெங்களூர், வெளிநாடு என்று போய்விட்டார்கள். பெரியவர்கள் காலமானதும் வீடு விலைக்கு வருகிறது. உங்களுக்கு வந்திருப்பதும் அப்படித்தான். இதை மனதில் வையுங்கள், பத்திர விஷயத்தில் மறுபடி இங்கேதான் வந்து நிற்போம்.

மெட்ரோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதவரத்திலிருந்து சிப்காட் வரை போகும் மூன்றாவது வழித்தடம் மூலக்கடை, செம்பியம், பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, புரசைவாக்கம் வழியாக வருகிறது. இரண்டாம் கட்டத் திட்டம் முழுவதற்கும் 63,246 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆக, வருமா வராதா என்ற சந்தேகம் வேண்டாம். ஆனால் சாலையை அடைத்துத் தகரம் வைத்த அன்றே விற்பவர்கள் விலையை ஏற்றிவிட்டார்கள். உங்களிடம் கேட்கும் 62 லட்சத்துக்குள்ளேயே மெட்ரோ உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் காசு கொடுத்துவிட்டு, மறுபடி அதே மெட்ரோவால் லாபம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மின்சார ரயில் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. பெரம்பூரில் ஏறினால் வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ், அடுத்தது சென்ட்ரல். உங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது வேலை சென்ட்ரல் பக்கமோ அம்பத்தூர் பக்கமோ என்றால், இந்த வீடு இன்றைக்கே உதவும். அதற்கு ஒரு விலை வைக்கலாம்.

இனி விலைக் கணக்கு. பழைய ஃபிளாட்டை 870 சதுர அடி பெருக்கல் இவ்வளவு என்று போடாதீர்கள். கட்டடம் வருடா வருடம் தேய்கிறது, மண் தேய்வதில்லை. அதே தெருவில் காலி மனையோ இடிக்கப்போகும் பழைய வீடோ கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று விசாரியுங்கள். சதுர அடி 10,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 410 சதுர அடி மண்ணுக்கு 41 லட்சம். இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,500 ஆகும் என்றால் 870-க்கு 21.75 லட்சம். 28 வருடம் ஓடிய கட்டடத்துக்கு அதில் பாதி கொடுத்தாலே தாராளம். ஆக 11 லட்சம். மொத்தம் 52. ரயில் வசதி, நல்ல தெரு, இரண்டாவது மாடி என்று இன்னும் மூன்று நான்கு லட்சம் சேர்க்கலாம். அதனால்தான் 55, 56 என்றேன். தெருவில் மனை விலை வேறாக இருந்தால் இதே கணக்கில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

புரோக்கர் சொன்ன இன்னொரு விஷயம்தான் பெரியது. இடித்துக் கட்டும்போது புது வீடு கிடைக்கும் என்பது. சென்னையில் பல இடங்களில் இப்படி நடக்கிறது, பொய்யில்லை. முன்பு ஒருவர் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் நடக்காது. 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று வழிவிட்டது. உங்கள் கட்டடத்தில் எட்டுக்கு ஆறு பேர். ஆனால் சட்டம் சம்மதத்தைத்தான் சுலபமாக்கியது. பில்டருக்கு அதில் லாபம் நிற்குமா என்பது வேறு கணக்கு. அதைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

ஒன்றரை கிரவுண்டு என்றால் 3,600 சதுர அடி. 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2. அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு, 7,200 சதுர அடி கட்டலாம். இப்போதே அங்கே எட்டு வீடு, ஆளுக்கு 870 என்று 6,960 சதுர அடி இருக்கிறது. பொதுப்பகுதி, சுவர் என்று சேர்த்து விற்பனைக் கணக்கில் 7,200-ஐ எட்டாயிரத்துச் சொச்சம் ஆக்கினாலும், எட்டுப் பேருக்கும் பழைய அளவில் வீடு கொடுத்த பிறகு பில்டர் கையில் மிஞ்சுவது ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு வீடு. ஒவ்வொன்றையும் 75 லட்சத்துக்கு விற்றாலும் ஒன்றரைக் கோடி. பத்து வீட்டையும் கட்டி முடிக்க அவருக்கு 2 கோடிக்கு மேல் ஆகும். பிறகு எந்த பில்டர் வருவார்? பணம் கட்டிக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாமே என்பார்கள். அது 9 மீட்டர், அதாவது முப்பதடிச் சாலையிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் தெரு இருபதடி.

ஆகவே இந்தக் கட்டடத்தை இடித்துக் கட்டினால், பெரும்பாலும் உரிமையாளர்கள் ஆளுக்குப் பத்து இருபது லட்சம் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். இரண்டு வருடம் வெளியே வாடகைக்கும் இருக்க வேண்டும். பென்ஷனில் இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் அதற்குச் சரி என்பார்கள்? மனையில் நான்கு வீடு மட்டும் இருந்து, தெரு நாற்பதடியாக இருந்திருந்தால் அந்தக் காரணத்துக்காகவே நானே வாங்கச் சொல்லியிருப்பேன். எட்டு வீட்டை நெருக்கிக் கட்டிய இடத்தில் மறுகட்டுமானக் கனவுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

இதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது, கவனியுங்கள். 410 பெருக்கல் 8 என்றால் 3,280. மனையோ 3,600. மிச்சம் 320 சதுர அடி யார் பெயரில் இருக்கிறது? சிலருக்கு 410-க்கு மேல் இருக்கலாம், அப்படியென்றால் கவலையில்லை. ஆனால் அந்தக் காலத்து பில்டர்களும் மனைக்காரர்களும் பின்னால் மொட்டை மாடியில் ஒரு வீடு எழுப்பலாம் என்று கொஞ்சம் யூ.டி.எஸ்.ஸைத் தங்கள் பெயரிலேயே நிறுத்திக்கொண்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவரோ அவர் வாரிசோ ஒருநாள் வந்து பங்கு கேட்பார். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உங்கள் ஃபிளாட்டுக்கு மட்டும் வில்லங்கச் சான்று போடாமல், அந்தச் சர்வே எண் முழுவதற்கும் 1995-இலிருந்து போடுங்கள். எட்டுக் கிரயமும் அதில் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் எத்தனை சதுர அடி என்று எழுதிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 3,600 வரவேண்டும். ஒரு மாலை நேர வேலை, அவ்வளவுதான்.

இப்போது அந்த ஏழு வீட்டுக்காரர்கள். பெரிய அடுக்குமாடியில் இருநூறு வீடு இருந்தால் ஆபீஸ் இருக்கும், மேனேஜர் இருப்பார். எட்டு வீட்டில் எல்லாமே மனிதர்கள்தான். மோட்டார் எரிந்தால் யார் பணம் போடுவது, மொட்டை மாடி ஒழுகினால் அது மூன்றாவது மாடிக்காரரின் தலைவலியா எட்டுப் பேரின் செலவா, யார் வண்டி எங்கே நிற்பது, எல்லாவற்றுக்கும் அவர்கள் மனசு வைக்க வேண்டும். எட்டில் எத்தனை வீட்டில் சொந்தக்காரர்களே இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் எனக்குத் தயக்கம் வரும். வாடகைக்கு விட்டவர் போனை எடுக்க மாட்டார், ரிப்பேருக்குப் பணம் அனுப்ப மாட்டார். மெயின்டனன்ஸ் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய கட்டடங்களில் யாராவது ஒரு மாமாவோ மாமியோ நீலக் கோடு போட்ட நோட்டில் மாதாமாதம் எழுதி வைத்திருப்பார்கள். கையிருப்பு எவ்வளவு, யார் எத்தனை மாதம் பாக்கி, கடைசியாக எப்போது வெள்ளையடித்தார்கள், எல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படி ஒரு நோட்டே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

என் தங்கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்திலேயே ஆறு வீடு உள்ள ஒரு கட்டடத்தில் மேல் மாடி வாங்கினாள். பத்திரத்தில் கார் பார்க்கிங் பற்றி ஒரு வரிகூட இல்லை. இடம் இருக்கிறது, நிறுத்திக்கொள்ளலாம் என்று விற்றவர் வாயால் சொன்னார். குடி போன மறுவாரமே தரைத்தளத்துக்காரர் தன் பத்திரத்தை எடுத்து வந்து காட்டினார். முன்பக்க இடம் முழுவதும் தனக்கு என்று எழுதி வாங்கியிருந்தார். மூன்று வருடம் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வாய்வார்த்தை எதுவும் வேண்டாம். கார் நிறுத்தும் இடம், மொட்டை மாடி உரிமை இரண்டும் உங்கள் பத்திரத்திலும் மற்றவர்கள் பத்திரத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு, கொளத்தூர் பக்கம் வாங்கும் யாரும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இந்த மூன்று தேதிகளையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் எதிர் மளிகைக் கடையிலும் கேளுங்கள், எது வரைக்கும் தண்ணீர் வந்தது, எத்தனை நாள் நின்றது, கரண்ட் எப்போது வந்தது என்று. விற்பவரிடமும் புரோக்கரிடமும் கேட்டுப் பயனில்லை. பிறகு கட்டடத்தின் நுழைவாயிலில் நின்று பாருங்கள். சாலை போடும்போதெல்லாம் பழசைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் இங்கே பல தெருக்கள் ஒன்றரை இரண்டு அடி ஏறிவிட்டன. கட்டிய காலத்தில் மூன்று படி ஏறி உள்ளே போயிருப்பார்கள். இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருந்தால் மழைத்தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டாம். ஈ.பி. மீட்டர் பெட்டியைப் பாருங்கள். மாடிப்படிக்கு அடியில் இருந்த பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி மாட்டி, கீழே பழைய ஆணி ஓட்டைகள் தெரிந்தால் அங்கே ஒருமுறையாவது தண்ணீர் ஏறியிருக்கிறது. நீங்கள் இரண்டாவது மாடி, வீட்டுக்குள் வராது. ஆனால் சம்ப்புக்குள், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள், சாக்கடை கலந்தால் எட்டு வீட்டுக்கும் அதே தண்ணீர்தான். சம்ப் மூடி தரையோடு தரையாக இருக்கிறதா, அரையடி உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள்.

போர் தண்ணீரை வெள்ளை பக்கெட் ஒன்றில் பிடித்து ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள். அடியில் மஞ்சள் படிந்தால் பாத்ரூம் டைல்ஸிலும் அதுதான் படியும். மெட்ரோ வாட்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம், கோடையில் லாரி வாங்குகிறார்களா என்பதை மெயின்டனன்ஸ் நோட்டே சொல்லும்.

கட்டடத்தின் உடம்பைப் பார்க்க ஒரு நல்ல கொத்தனாரைக் கூட்டிப் போங்கள். இன்ஜினியர் என்றால் இன்னும் நல்லது. பாத்ரூம் மேல்சுவரிலும் பால்கனி அடிப்பக்கத்திலும் காரை உப்பியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். கெட்டியாக இருந்தால் ‘டொக்’ என்று கேட்கும், உள்ளே கம்பி துருவேறிக் காரை பிரிந்திருந்தால் பொந்து போலச் சத்தம் வரும். ஒரு பால்கனியில் அப்படி இருந்தால் 30,000, 40,000 செலவில் சரிசெய்யலாம். தரைத்தளத் தூண்களில் நீளவாக்கில் விரிசல் இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

இனி பத்திரம். சி.எம்.டி.ஏ. அல்லது மாநகராட்சி ஒப்புதல் கொடுத்த வரைபடத்தை வாங்கி, மாடிகளையும் வீடுகளையும் எண்ணுங்கள். அந்தக் காலத்தில் இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்று கட்டியது சகஜம். உங்கள் வீடு இரண்டாவது மாடி என்பதால் பெரும்பாலும் வரைபடத்துக்குள் இருக்கும். மூன்றாவது மாடி விதிமீறல் என்றால் வங்கி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மனைக்காரர் பில்டருக்குக் கொடுத்த பவர் (அதிகாரப் பத்திரம்), அந்தப் பவரை வைத்து பில்டர் எழுதிய கிரயம், இரண்டின் தேதிகளையும் ஒப்பிடுங்கள். கிரயம் எழுதிய நாளில் மனைக்காரர் உயிரோடு இருந்தாரா, பவரை இடையில் ரத்து செய்தாரா என்பது முக்கியம். தாய்ப்பத்திரம் விற்பவர்களிடம் நகலாகத்தான் இருக்கும். அது எந்த வீட்டுக்காரரிடம் அசலாக இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாரிசு விஷயம்தான் உங்களுக்குச் சிக்கலான இடம். உயில் எழுதாமல் போயிருந்தால், இந்துக் குடும்பம் என்ற கணக்கில், மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சரிசமப் பங்கு. பெரியவர் காலமானபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இதை வாரிசுச் சான்றை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், வாயைத் திறந்து கேளுங்கள். எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டால் போதும், பொண்ணு ஒன்றும் கேட்காது என்று சொல்வார்கள். நல்ல குடும்பமாகத்தான் இருக்கும். ஆனாலும் பத்து வருடம் கழித்து நீங்கள் விற்கப்போகும்போது அந்த ஒரு கையெழுத்து இல்லாமல் வீடு நின்றுவிடும்.

மகள் கனடாவிலிருந்து வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதில் வரிப் பிரச்சினை ஒன்று ஒளிந்திருக்கிறது. 50 லட்சமோ அதற்கு மேலோ விலை என்றால் வாங்குபவர் 1% வரி பிடித்துக் கட்டுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 50 லட்சத்துக்குக் கீழேதானே என்ற வாதம் 2024 அக்டோபருக்குப் பிறகு செல்லாது. அந்த 1% இந்தியாவில் இருப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டில் குடியிருக்கும் மகளின் பங்கில் நீங்கள் மூலதன லாப வரி விகிதத்தில், அதாவது 12.5 சதவீதமும் அதன் மேல் வருபவையும், பிடிக்க வேண்டும். குறைவாகப் பிடிக்க அவர் வருமான வரித் துறையிடம் சான்று வாங்கித் தரலாம். பிடிக்கத் தவறினால் துறை உங்களிடம்தான் வரும். நிறையப் பேர் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மகள் தன் பங்கை உண்மையிலேயே அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதாக இருந்தால், முதலில் குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்துவிட்டு, பிறகு மீதிப் பேர் உங்களுக்கு விற்கலாம். இந்த முடிவை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஓர் ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசி எடுங்கள்.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். விலை 55 லட்சம் என்றால், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு 80%. ஆக அதிகபட்சம் 44 லட்சம் கிடைக்கும். கையிலிருந்து 11. பத்திரச் செலவு 9%, கிட்டத்தட்ட 5 லட்சம். புது ஃபிளாட்டுகளுக்கு 2023 டிசம்பரிலிருந்து தீர்வையைக் குறைத்தார்களே என்று கேட்பீர்கள். அது பில்டரிடமிருந்து முதல்முறை வாங்குபவர்களுக்கு, உங்களுக்கு இல்லை. இந்தச் செலவை வங்கி கடனில் சேர்க்காது. புரோக்கருக்கு 1% கொடுத்து, பிளம்பிங், ஒயரிங், பாத்ரூம் என்று 4 லட்சம் ஒதுக்கினால், சொந்தப் பணம் 20 லட்சத்துக்கு மேல் இருந்தால்தான் மூச்சு விட முடியும். 8% வட்டிக்கு 20 வருடம் என்றால் மாதம் சுமார் 36,800. கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருட ஆயுள் என்று வங்கி இன்ஜினியர் எழுதுவதைப் பொறுத்துத்தான் தவணைக் காலம் கிடைக்கும். 15 வருடம்தான் தருவோம் என்றால் 42,000 ஆகிவிடும். இப்போது கொடுக்கும் 17,000 வாடகைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். முதலீடாகப் பார்த்தால் இது நிற்காது. குழந்தையின் பள்ளி, ரயில், அம்மா வீடு பக்கம் என்று பத்துப் பதினைந்து வருடம் அங்கேயே வேர்விட்டு இருப்போம் என்றால் நிற்கும்.

குடியிருக்க நல்ல ஊர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில் மார்க்கெட்டில் பத்தடிக்கு ஒரு கீரைக்காரம்மா. அவசரத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் டாக்டர்கள். பிப்ரவரியில் லூர்து மாதா கோயில் திருவிழாவுக்குச் சாதி மதம் பார்க்காமல் தெருவே போகும். பக்கத்து வீட்டில் குழம்பு வாங்கிச் சாப்பிடும் பழக்கம் இந்த எட்டு வீட்டுக் கட்டடங்களில் இன்னும் மிச்சம் இருக்கிறது. உங்கள் குழந்தைக்கு அது கிடைத்தால் நான் மகிழ்வேன்.

இந்த வாரம் செய்யவேண்டியது, சர்வே எண் முழுவதற்கும் வில்லங்கம் போடுவது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு பேருமாகப் போய், புரோக்கர் இல்லாமல், மூன்றாவது மாடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டுங்கள். மேல் வீட்டுப் பாத்ரூம்தான் உங்கள் பாத்ரூமுக்கு மேலே இருக்கிறது, அவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே பேசுங்கள். அட்வான்ஸ் 1 லட்சத்துக்கு மேல் வேண்டாம். மகளின் பவரோ விடுதலைப் பத்திரமோ வந்து சேர நாளாகும், அதனால் அக்ரிமென்டில் 3 மாதத்துக்குக் குறையாமல் கெடு போட்டு, வாரிசுக் கையெழுத்தில் ஒன்று குறைந்தாலும் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். வில்லங்கம் கைக்கு வந்ததும் எட்டு யூ.டி.எஸ். அளவுகளையும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.